சனிக்கிழமை ஆங்கில வகுப்பு எடுக்கும் மினசோட்டா தமிழர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

மினியாபொலிஸிலும் செயின்ட் பாலிலும் அகதிக் குடும்பங்களுக்கு வார இறுதியில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறீர்கள். உங்கள் நேரத்தைக் கொடுக்கிறீர்கள், அது பெரிய விஷயம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களுக்கும் நாம் பள்ளிக்கூடம் போனவர்களுக்குச் சொல்லித்தருகிற மாதிரியேதான் சொல்லித்தருகிறோம். முதல் வருஷம் முழுக்க நானும் அதைத்தான் செய்தேன்.

என் வகுப்பில் ஒரு சோமாலிய அம்மா, 45 வயது இருக்கும். ஒரு பக்கம் காய்கறிப் படங்கள், இன்னொரு பக்கம் பெயர்கள், கோடு போட்டு இணைக்க வேண்டும், அப்படி ஒரு ஒர்க்‌ஷீட் கொடுத்தேன். பென்சிலைப் பிடித்தபடி இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சொல் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினேன், தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துப் போய் மேசையில் வைத்தேன். பட்டென்று ‘ஆனியன்’ என்றார், எந்தக் கடையில் என்ன விலை என்பதையும் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அவருக்குப் புரியாமல் இருந்தது அந்தத் தாள்தான். கறுப்புக் கோட்டில் வரைந்த உருண்டையை வெங்காயமாகப் பார்க்கவும் ஒரு பழக்கம் வேண்டும். வட்டமிடு, கட்டத்தை நிரப்பு, இடமிருந்து வலம் போ, இதையெல்லாம் நமக்கு எல்கேஜியில் யாரோ கையைப் பிடித்துச் சொல்லித்தந்திருக்கிறார்கள். நமக்குத்தான் அது நினைவில் இல்லை.

‘நாங்களும் தமிழ் மீடியத்திலிருந்து வந்து ஆங்கிலம் கற்றவர்கள்தானே’ என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான், ஆனால் எழுத்து என்றால் என்ன, அது எப்படி ஒலியாகிறது என்பது தமிழிலேயே நம் கைக்கு வந்துவிட்டது, அதைத் தூக்கிக்கொண்டுதான் ஆங்கிலத்துக்குப் போனோம். சோமாலி மொழிக்கு அரசு ஒரு எழுத்துமுறையை அறிவித்ததே 1972இல்தான். 1991இல் அந்த அரசே கவிழ்ந்தது. அப்புறம் போர், எல்லை தாண்டி கென்யாவின் தாதாப் முகாம்கள். அந்த வருஷங்களில் வளர்ந்த ஒரு பெண் எங்கே உட்கார்ந்து படித்திருப்பார்?

போர்ச்சுகலில் நடந்த ஒரு ஆய்வு 1979இல் வெளியானது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு முடியவில்லை. அதே மாதிரிச் சூழலில் வளர்ந்து, வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர்கள் அதைவிட நன்றாகச் செய்தார்கள். ‘கால்’ என்பதில் ‘க்’கை எடுத்தால் ‘ஆல்’ என்று நாம் யோசிக்காமலே சொல்வோம், ஏனென்றால் மெய்யும் உயிரும் சேர்ந்தது உயிர்மெய் என்று சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். எழுத்தே தெரியாதவரிடம் முதல் நாளே ‘இந்தச் சொல்லின் முதல் சத்தம் என்ன’ என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்றால் ‘இவருக்கு ஏறாது’ என்று முடிவு கட்டுகிறோமே, அது பெரிய அநியாயம். அந்த வார்த்தையை நம் வாட்ஸப் குழுவிலேயே பார்த்தேன், மனசு கஷ்டமாக இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? முதல் சில வாரங்கள் பேச்சு மட்டும் போதும். வெங்காயம், சாவி, மருந்துப் புட்டி, பஸ் கார்டு என்று கையில் எடுக்கக்கூடிய பொருள்களை வைத்துப் பேசுங்கள். அப்புறம் அவரையே ஏதாவது சொல்லச் சொல்லி, ‘எனக்கு ஐந்து பிள்ளைகள், காலையில் சோறு சமைக்கிறேன்’ என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அவர் கண்ணெதிரே பலகையில் எழுதுங்கள். அவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் அர்த்தம் அவருக்கு முன்பே தெரியும், அதைச் சேர்ந்து படித்து, தாளில் எழுதித் துண்டுதுண்டாக வெட்டி, கலைத்து, திரும்ப அடுக்கி, அதில் வரும் சொற்களிலிருந்தே எழுத்துக்குப் போகலாம். ஒரே கதை மூன்று வாரம் ஓடினாலும் பரவாயில்லை. பக்கத்தில் இருப்பவர் காதோடு பதில் சொன்னால் காப்பி அடிப்பதாக நினைத்துத் தடுக்காதீர்கள். கேட்டும் பார்த்தும் சேர்ந்து செய்துமே எல்லாவற்றையும் கற்ற மனிதர்கள் அவர்கள். இத்தகைய மாணவர்களுக்காகவே ஒரு கற்பித்தல் முறையை வகுத்த டிகாப்புவாவும் மார்ஷலும் இதைத்தான் வற்புறுத்துகிறார்கள்: எழுத்தோடு பேச்சு, தனி வேலையோடு கூட்டு வேலை.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தும் சைக்கிளும் சேர்ந்துதான் பெண்களின் கைக்கு வந்தன. கைநாட்டு வைத்த நம் பாட்டிகளை யாரும் மந்தம் என்று நினைக்கவில்லையே.

அவசரம் ஏன் என்றால், குடியுரிமைத் தேர்வில் மூன்று ஆங்கில வாக்கியங்களில் ஒன்றையாவது படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றையாவது எழுத வேண்டும். ஆங்கிலத்திலிருந்து விலக்கு வேண்டுமென்றால் 50 வயதாகி கிரீன் கார்டோடு 20 வருஷம், அல்லது 55 வயதாகி 15 வருஷம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மருத்துவக் காரணம் தனி. என் மேசையில் உட்காரும் அந்த அம்மா அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஊரில் இருக்கிற தாயைப் போய்ப் பார்க்க அவருக்கு அமெரிக்க பாஸ்போர்ட் வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ‘ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது’ என்ற ஒரே காரணத்துக்காக, ஊரில் டிகிரி முடித்து வந்தவரையும் பென்சிலே பிடிக்காதவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறோம். முன்னவர் பத்து நிமிஷத்தில் தாளை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது பின்னவர் தாளைக் கையால் மறைத்துக்கொள்கிறார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒரு மணி நேரமாவது இரண்டு மேசையாகப் பிரிக்கலாம். ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன், இன்னும் இரண்டு பேர் என்னோடு வேண்டும். வர முடிகிறவர்கள் குழுவில் சொல்லுங்கள், பிரிண்ட் எதுவும் எடுத்துவர வேண்டாம்.