நான்காம் இலைக்கு முன்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கிலாந்தின் வில்ட்ஷையரில் அந்த எஸ்டேட் பண்ணைக்கு நீ பொறுப்பேற்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஹெர்ஃபோர்டு மாட்டையும் செம்மறியையும் ஒரு பிடி தானியம்கூட வைக்காமல் புல்லிலேயே தேற்றிக் கறிக்கு அனுப்ப வேண்டும் என்கிறாய். கேள்விகள் எல்லாம் மாட்டைப் பற்றி இருக்கின்றன. நான் புல்லில் தொடங்குகிறேன். அங்கே தவறினால் எந்த இனத்தை வாங்கினாலும் தேறாது.

ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல்லின் தூரில் ஒவ்வொரு கிளைப்பிலும் ஒரே சமயத்தில் 3 பச்சை இலைகள்தான் நிற்கும். நான்காவது விரியும்போது முதல் இலை பழுத்துச் சாகும். ஆகவே இரண்டரை, மூன்று இலை வந்ததும் மாட்டை இறக்கிவிடு. உயரக் கணக்கில் 8 முதல் 10 சென்டிமீட்டர். 4, 5 சென்டிமீட்டருக்கு வந்ததும் அடுத்த பட்டிக்கு, அதாவது வேலியிட்டுப் பிரித்த அடுத்த மேய்ச்சல் துண்டுக்கு, மாற்று. ஒரு பட்டியில் 3 நாளுக்கு மேல் நிறுத்தாதே. கடிபட்ட புல், தண்டின் அடியில் சேர்த்துவைத்த சர்க்கரையைக் கொண்டுதான் புதுத் தளிர் விடுகிறது. அந்தத் தளிரும் கடிபட்டால் சேமிப்பு தீர்ந்து புல் மெலியும், களை ஏறும்.

எத்தனை நாளுக்கு ஒரு சுற்று என்று கேட்டிருந்தாய். மே மாதத்தில் 18 முதல் 21 நாள், இலையுதிர் காலத்தில் 35 நாளுக்கு மேலும் ஆகலாம். நாட்காட்டியைப் பார்த்து மாற்றுகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள், இலையை எண்ணு. மே மாதத்தில் புல் மாட்டை முந்தி ஓடும். கதிர்விட்டுத் தண்டேறிய புல்லைத் தின்று மாடு எடை போடாது. அப்போது இரண்டு மூன்று பட்டிகளை மூடி உலர்புல்லுக்கு விட்டுவிடு.

மின்வேலி மாட்டுக்கு 75 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கம்பி போதும். செம்மறிக்கு 3 கம்பி, குறைந்தது 4000 வோல்ட் வேண்டும். கம்பளி அதிர்ச்சியைத் தடுத்துவிடும். வேலி வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் எர்த்தில்தான். துத்தநாகம் பூசிய 1 மீட்டர் தண்டுகளை ஈரமான இடத்தில் இறக்கு. வோல்ட் மீட்டரை வேலியின் கடைக்கோடியில் வைத்துப் பார்.

மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேய்ப்பது நல்ல பழக்கம். ஒன்றின் குடற்புழு பெரும்பாலும் மற்றதில் வளராது. சாணத்தில் முட்டை எண்ணிப் பார்த்த பிறகே புழுமருந்து கொடு. கண்டபடி ஊற்றித்தான் மருந்துகள் பலனிழந்தன. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் நீ மறக்கக் கூடாது: ஆட்டுக்குட்டிகளைத் தாக்கும் நெமடோடைரஸ் என்ற குடற்புழு. போன வருடக் குட்டிகளின் சாணத்தோடு விழுந்த புழு முட்டை குளிரில் கிடந்து, வசந்தத்தில் சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டியதும் ஒரே வீச்சில் பொரிக்கும். 6 முதல் 12 வாரக் குட்டிகள், சாணத்தில் ஒரு முட்டை தெரிவதற்கு முன்பே கழிந்து செத்துப்போகும். போன வருடம் குட்டிகள் மேய்ந்த நிலத்தில் இந்த வருடக் குட்டிகளை வசந்தத்தில் விடாதே.

கலந்து மேய்ப்பதில் ஓர் ஆபத்து, மாட்டுக்கான தாது உப்பு. அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும். அந்த வாளி ஆட்டுக்கு எட்டவே கூடாது. பால் கொடுக்கும் பசுவுக்கு வசந்தப் புல்லில் மக்னீசியம் போதாது. தினமும் 60 கிராம் சுட்ட மேக்னசைட் என்ற மக்னீசியத் தூள் கொடு. உடம்பு அதை எடுத்துப் பயன்படுத்தும்படி சேமித்துவைக்காது, ஆகவே நாள் தவறக் கூடாது. தவறினால் காலையில் கால்களை உதைத்துக்கொண்டு விழுந்து கிடக்கும், சில சமயம் செத்தே கிடக்கும். குளோவர் என்ற பயறினத் தீவனச் செடி நிறைந்த பட்டிக்குப் பசித்த மாட்டை அனுப்பாதே, வயிறு உப்பும். முதலில் உலர்புல் போடு.

மாளிகையைச் சுற்றிய பூங்கா நிலத்தில் யூ மரங்களைத் தேடிப் பார்த்து வேலியடை. வெட்டிப்போட்ட கிளைகூட மாட்டைக் கொல்லும். ராக்வொர்ட் என்ற நச்சுக் களையைப் பச்சையாக இருக்கும்போது மாடு கசப்பால் ஒதுக்கும். உலர்புல்லில் கலந்தால் தின்றுவிடும். கையால் வேரோடு பிடுங்கு.

புது மாடு பண்ணைக்குள் வந்தால் 6 நாள், நேராக அறுப்புக்கு அனுப்புவதைத் தவிர, எந்தக் கால்நடையையும் வெளியே நகர்த்த முடியாது. அதோடு, மாட்டுக் காசநோய் அதிகமுள்ள வட்டாரம் அது. வாங்கும் முன் சோதனைத் தேதியைக் கேள்.

குட்டி 38 முதல் 42 கிலோ வந்ததும் இடுப்பு எலும்பின் நுனிகளைக் கையால் அழுத்திக் கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார். எடையை மட்டும் நம்பாதே. மாட்டுக்கு 24 முதல் 30 மாதம் ஆகும், அவசரம் வேண்டாம். அனுப்பும் முன் இரவு புதுக் கூட்டத்தோடு கலக்காதே. மிரண்டு சண்டையிட்டால் தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்து, கறி கறுத்து ஒட்டும். அறுத்த முதல் 10 மணி நேரத்துக்குள் கறி 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தசை சுருங்கி ரப்பராகிவிடும்; இரண்டு வருட உழைப்பு அந்த ஒரே இரவில் போகும். அறுப்பவரிடம் இதை நேரில் பேசு. மாட்டுக்கறியை 3 வாரம் தொங்கவிடச் சொல். கொழுப்பு மஞ்சளாக இருப்பதைப் பார்த்து வாங்குபவர் தயங்கினால், அது புல்லிலுள்ள கரோட்டின் என்று சொல்.

ஏப்ரல் முதல் வாரம் ஒவ்வொரு பட்டியின் புல் உயரத்தையும் அளந்து எழுதி அனுப்பு. எவற்றை உலர்புல்லுக்கு மூடுவது என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய கல்லூரித் தோழன்