பொம்மைக்குத் தண்டனை கொடுப்பவள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சின்னத்திரைப் பேய்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் ட்ரூசில்லாவுக்குக் கிடைத்தது ஒரே வரி: 'கொலைவெறி பிடித்த பைத்தியக்கார ரத்தக்காட்டேரி'. மனநோய்ப் பெண்கள் வார்டில் 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

அவள் வருகிற 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' 1997 முதல் 2003 வரை வந்த அமெரிக்கத் தொடர்; காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணின் கதை. கல்லூரி லீவில் வந்த பேத்திதான், "ஆச்சி, இதுல உங்க வார்டு ஆள் ஒருத்தி வர்றா" என்று லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். பேய்க் கதையெல்லாம் எனக்கு ஆகாது. இவளுக்காக மட்டும் இரண்டாவது சீசனை முழுதாகப் பார்த்தேன்.

கதைப்படி ட்ரூசில்லா 1860இல் லண்டனில் வாழ்ந்த பக்தியான கத்தோலிக்கப் பெண். நடக்கப்போவது முன்கூட்டியே கண்ணில் தெரிகிற வரம் அவளுக்கு உண்டு. சுரங்கத்தில் விபத்து என்று தெரிகிறது. மறுநாளே சுரங்கம் இடிந்து இரண்டு பேர் சாகிறார்கள். 'இது சாபம், கடவுளுக்கு அடுக்காது' என்கிறாள் அம்மா. பயந்துபோன ட்ரூசில்லா, பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறாள். கூண்டுக்குள் பாதிரியாரைக் கொன்றுவிட்டு அவர் இடத்தில் ஏஞ்சலஸ் என்ற காட்டேரி உட்கார்ந்திருக்கிறான். நல்லவளாக இருக்க வேண்டும் என்று அழுகிறவளிடம், நீ சாத்தானின் பிள்ளை என்று சாந்தமான குரலில் சொல்லி அனுப்புகிறான். அப்புறம் அவள் குடும்பத்தையே கொல்கிறான். மனம் பேதலித்து அவள் கன்னியர் மடத்துக்கு ஓடுகிறாள். அவள் துறவு வார்த்தைப்பாடு கொடுக்கிற அதே நாளில் வந்து அவளையும் காட்டேரியாக்குகிறான். இதில் எந்தக் கட்டத்தில் அவளுக்குத் 'தானாக' பைத்தியம் பிடித்தது?

மிஸ் ஈடித் என்று ஒரு பொம்மை வைத்திருக்கிறாள். கண்ணைக் கட்டுவாள், வாயைக் கட்டுவாள், வாய்க்கு வாய் பேசினாய் என்று சொல்லி இன்றைக்கு உனக்குக் கேக் கிடையாது என்பாள். பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்கூட்டியே பார்த்ததுதான் இவள் செய்த குற்றம், அதை வெளியே சொன்னது அடுத்த குற்றம். கண்ணையும் வாயையும்தானே கட்டுகிறாள்? அந்தக் கூண்டில் தனக்கு நடந்ததைத்தான் பொம்மைக்கு நடத்திக்கொண்டிருக்கிறாள். தலையணையைக் குழந்தையாக்கி, மாமியார் தன்னைத் திட்டிய வார்த்தைகளாலேயே அதைத் திட்டுகிற பெண்களை நைட் டூட்டியில் நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பைக் என்று ஒருவன் இவளைப் பார்த்துக்கொள்கிறான். 1880இல் தெருவில் அழுதுகொண்டு நின்ற கவிஞனை இவள்தான் காட்டேரியாக்கினாள். பிராகில் ஊர்க்கூட்டம் தாக்கி நலிந்துபோனவளைக் குணமாக்கத்தான் அவன் தொடர் நடக்கிற ஊருக்கே அழைத்து வருகிறான். இவள் அண்ணாந்து பார்த்து நட்சத்திரங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்பாள். மேலே இருப்பது கூரை, அதுவும் இது பகல் என்பான் அவன், பொறுமையாக. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டதால் குழப்பமாகிவிட்டது என்பாள் இவள். இன்னொரு நாள், கூண்டில் செத்துக்கிடக்கும் பறவையைப் பாடச் சொல்லிக் கொஞ்சுகிறாள். நீ தீனி போடவில்லை, முன்னது மாதிரியே இதுவும் செத்துவிட்டது என்று வள்ளென்று விழுகிறான். அவள் முகம் சுருங்கியதும் உடனே மன்னிப்புக் கேட்கிறான். இந்தக் காட்சியை எழுதியவர் வீட்டில் நோயாளி யாராவது இருந்திருப்பார்களோ என்று நினைத்தேன். பார்த்துக்கொள்கிறவர்கள் அப்படித்தான் வெடிப்பார்கள், அடுத்த நிமிடமே அப்படித்தான் நொந்துகொள்வார்கள்.

சரி, அவள் கொலைகாரி இல்லையா என்று கேட்பீர்கள். கொலைகாரிதான். கெண்ட்ரா என்ற பெண்ணை விரலசைவில் மயக்கி, நகத்தால் கழுத்தை அறுக்கிறாள். ஆனால் அந்தத் தொடரில் காட்டேரி என்றால் கொல்லும். ஏஞ்சலஸைக் காட்டேரியாக்கிய டார்லாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, அவளும் கொல்கிறாள். ஏஞ்சலஸுக்கு எந்த நோயும் இல்லை. ட்ரூசில்லாவின் கையில் உள்ள ரத்தம் காட்டேரிக் கணக்கு. அதைக் கொண்டுபோய் மனநோய்க் கணக்கில் எழுதிவிட்டீர்கள். இந்தத் தப்பு பேய்க் கதையோடு நிற்பதில்லை. குணமான பெண்களை வீட்டுக்கு அனுப்பும்போது, "கத்தியை எல்லாம் ஒளிச்சு வைக்கணுமா சிஸ்டர்?" என்று கேட்காத குடும்பம் குறைவு.

தொடர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. அதில் காட்டேரியானால் ஆன்மா போய்விடும். ரோமா நாடோடிகள் 1898இல் சபித்ததில் ஏஞ்சலஸுக்கு ஆன்மா திரும்ப வந்துவிடுகிறது. அவன் ஏஞ்சல் ஆகி, குற்ற உணர்ச்சியில் உருகி, 1999இல் தனித் தொடருக்கே நாயகன் ஆகிறான். ஸ்பைக்கும் 2002இல் தேடிப் போய் ஆன்மா வாங்கி வருகிறான். இருவருக்கும் நடுவில் இருந்த ட்ரூசில்லாவுக்குத் தொலைக்காட்சியில் அது கடைசிவரை கிடைக்கவில்லை. அவளுக்குச் செய்ததுதான் தன் பாவங்களிலேயே மோசமானது என்று பஃபியிடம் ஒப்புக்கொண்டவன் இதே ஏஞ்சல். ஆன்மாவோடு இருக்கும்போதே, 2001இல் அவள் மேலும் டார்லா மேலும் தீ வைக்கிறவனும் இதே ஏஞ்சல்தான். இருவரும் பிழைத்துக்கொள்கிறார்கள், அது வேறு. மூப்பே இல்லாத உடம்பு என்றால் அந்த மனப்புண்ணும் ஆறாமல் அப்படியேதான் இருக்கும் என்பதை நாயகன் ஒருமுறையாவது யோசித்திருக்கலாம்.

நடித்த ஜூலியட் லாண்டாவைப் பாராட்ட வேண்டும். கண்ணை உருட்டி, தலையை விரித்துப் போட்டு ஆடுகிற சினிமாப் பைத்தியம் இல்லை இது. பேச்சு பாதியில் வேறெங்கோ போய், போன இடத்திலேயே நின்றுவிடுகிறது. அவருடைய அப்பா மார்ட்டின் லாண்டாவ், பழைய டிராகுலா நடிகர் பேலா லுகோசியாக நடித்து ஆஸ்கார் வாங்கியவராம். பேத்தி சொன்னாள்.

அந்தப் பக்கம் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் ஏஞ்சல் வந்தால், 'மனந்திருந்திய காட்டேரி' என்று எழுதுவதற்கு முன்னால் அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர்,
பாளையங்கோட்டை.