'தாய் கவனமாக இருந்தால்' என்ற வரி பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், பதினைந்து வயதாகியும் மகள் வயதுக்கு வரவில்லை என்று ஒரு தாய் கேட்டிருந்தார். டர்னர் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடாக இருக்கலாம், பரிசோதனை செய்யுங்கள் என்று பதில் வந்தது சரி. அதோடு விட்டிருக்கலாம். 'கர்ப்ப காலத்தில் தாய் கவனமாக இருந்தால் இத்தகைய குழந்தைகள் பிறப்பதைத் தவிர்க்கலாம்' என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டீர்கள். இருபது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவள் நான். அதற்கு மேல் பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை.

என் மகளுக்கு இருப்பது டர்னர்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாய், பப்பாளி தின்றாய் என்று என் மாமியார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் படிக்காதவர், பொறுத்துக்கொண்டேன். நீங்களுமா?

உங்களுக்குத் தெரியாததல்ல. செல்லுக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமப்பவை குரோமோசோம்கள். அவற்றில் எக்ஸ் என்பது பெண்ணுக்கு இரண்டு இருக்க வேண்டும். டர்னரில் ஒன்று முழுதாகவோ அதில் ஒரு பகுதியோ இல்லாமல் போகிறது. சிலருக்கு உடம்பின் சில செல்களில் மட்டும் அப்படி. விந்தோ முட்டையோ உருவாகும்போதோ, கரு பிரியத் தொடங்கும் முதல் நாட்களிலோ நடப்பது இது. நான் கர்ப்பம் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் முடிந்துபோன காரியம். தாயின் வயதும் காரணமில்லை. சொல்லப்போனால் பெரும்பாலும் காணாமல் போவது அப்பாவிடமிருந்து வர வேண்டிய எக்ஸ்தான். அதற்காக என் கணவரை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம், அவர் மேலும் தப்பில்லை. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. 1938-ல் அமெரிக்காவில் ஹென்றி டர்னர் என்ற டாக்டர் இதை எழுதி வைத்தார். குரோமோசோம்தான் காரணம் என்று 1959-லேயே தெரிந்துவிட்டது. இன்னும் தாயைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம்.

பெயர் வைத்த அன்று என் அம்மா வெள்ளித் தண்டை கொண்டுவந்தார். பாதம் இரண்டும் இட்லி மாதிரி உப்பியிருந்தன. சோப்பு நீர் தடவிப் பார்த்தும் ஏறவில்லை. 'நீர் கோத்திருக்கு, வடிஞ்சிடும்' என்றார்கள். வடியவும் செய்தது. டர்னரின் முதல் அடையாளமே அதுதான் என்று எனக்குத் தெரிய பதினோரு வருடம் ஆனது. அதற்குள் எத்தனை டாக்டர்கள்! 'அம்மாவே குட்டை, பெண் எப்படி வளரும்?' என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். வாசல் நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைப்போம். இரண்டு வயது இளைய தம்பியின் கோடு அவள் கோட்டைத் தாண்டிய வருடத்திலிருந்து அவள் அங்கே வந்து நிற்கவே இல்லை.

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் அவள் பின்னங்கழுத்தில் முடி தாழ்ந்து இறங்கியிருப்பதைப் பார்த்து, ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை எழுதினார். இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், காது, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயில் கோளாறு இருந்தால் உயிருக்கே ஆபத்தாம். அதைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வார்த்தை இல்லை. அன்று முதல் இரவு தோறும் தொடையில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. 'இன்னும் நாலைந்து வருடம் முன்னால் வந்திருக்கலாமே' என்று அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. பிறகு, வயதுக்கு வர உதவும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை.

கல்யாண வீடுகளில் 'சடங்கு எப்போ, எங்களுக்குச் சொல்லாமலே முடிச்சிட்டீங்களா?' என்று கேட்பார்கள். நான்தான் அவளை அழைத்துப் போவதை நிறுத்தினேன். அது என் தப்பு. ஆனால் உங்கள் பத்திரிகைக் கதைகளில்கூட வயதுக்கு வராத பெண் கடைசியில் கிணற்றில்தானே விழுகிறாள்? என் மகளுக்கு இப்போது இருபத்து மூன்று. அறிவில் ஒரு குறையும் இல்லை. கணக்கு மட்டும் கொஞ்சம் தகராறு. கை நிறையச் சம்பாதிக்கிறாள். அந்த இதழை நான் அலமாரிக்குள் வைத்தேன், அவள் எடுத்துப் படித்துவிட்டாள். 'நான் பிறப்பதைத் தவிர்த்திருக்கலாமாம்மா?' என்று கேட்டாள்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். கூடவே, கைகால் வீங்கிப் பிறந்த பெண் குழந்தையோ வகுப்பிலேயே குட்டையாக நிற்கும் பெண்ணோ இருந்தால் குரோமோசோம் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்று இரண்டு வரி.

பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. மகளுக்காக அவற்றை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய், திருச்சி