செம்பனை மரத்தடிக் கன்றுகளை நடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நன்றாகக் காய்க்கும் செம்பனையின் அடியில் தானாக முளைத்த கன்றுகளைப் பெயர்த்து நட்டால் நாற்றுச் செலவு மிச்சமாகும் என்றும், நல்ல குணம் ஓங்கு பண்பாக, அதாவது கலப்பில் மற்றதை மறைத்துத் தான் வெளிப்படும் பண்பாக, இருப்பதால் அது கன்றுகளிலும் தவறாமல் வெளிப்படும் என்றும் தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்போர் பலரும் இப்படியே எண்ணுவதால், மறுநடவுக்கு ஆயத்தமாகும் எவரும் அதை நம்பிக் கன்று எடுக்கும் முன் இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்த தென்னமரம் தோட்டம் எங்கள் ஊரை அடுத்தே இருக்கிறது. அந்நாளில் நட்டவை, பழத்தினுள் பருப்பைச் சூழ்ந்த ஓடு தடித்த டூரா வகை. இன்று நாம் வெட்டுவதோ ஓடு மெலிந்து சதை மிகுந்த தெனெரா. டூராவைவிட இதில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் கிடைக்கும். மூன்றாவதான பிசிஃபெராவின் பழத்தில் ஓடே இராது. ஆனால் அதன் பெண் குலைகள் பெரும்பாலும் முதிராமலே அழுகிவிடும்.

இம்மூன்றுக்கும் உள்ள உறவை 1941இல் பெல்ஜியக் கொங்கோவில் பெய்ர்னார்ட், வான்டர்வெயன் ஆகிய இருவர் விளக்கினர். ஓட்டின் தடிப்பை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அதன் இரு படிகள் ஒவ்வொரு மரத்திலும் உண்டு. இரண்டும் தடித்த ஓட்டுக்குரியவையாயின் டூரா, இரண்டும் ஓடின்மைக்குரியவையாயின் பிசிஃபெரா, வகைக்கொன்றாயின் தெனெரா. மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வந்தது. குட்டை என்னும் ஒடுங்கு பண்பு மறைந்திருந்து அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்காகத் தலைகாட்டியது. செம்பனை ஓட்டிலோ எதுவும் மற்றதை முழுவதும் மறைப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் இடைப்பட்ட மெல்லிய ஓடு உண்டாகிறது. எனவே நாம் விரும்பும் அந்தக் குணத்தை ஓங்கு பண்பு என்பதே பொருந்தாது. அது கலப்பில் மட்டும் நிலைக்கும் குணம்.

தெனெரா மரங்களே சூழ்ந்த தோட்டத்தில், 1981இல் கெமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட கூன்வண்டு ஒரு தெனெராவின் மகரந்தத்தை மற்றொரு தெனெராவின் பூவில்தான் சேர்க்கும். அவ்வாறு விளையும் நூறு விதைகளில் ஏறக்குறைய 25 டூராவாகவும் 50 தெனெராவாகவும் 25 பிசிஃபெராவாகவும் முளைக்கும். நிலத்தில் பாதி வீண் என்பதுதான் இதன் பொருள். மொத்தத்தில் கால்வாசியான பிசிஃபெரா மரங்கள் உரத்தைத் தின்றுவிட்டுப் பெரும்பாலும் முற்றிய குலையே தராமல் நிற்கும்.

விதையைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியாது. பட்டாணியின் உருண்டை வடிவமோ சுருக்கமோ அந்த விதைக்குள் இருக்கும் கருவின் மரபைப் பொறுத்தது. ஆகவேதான் மெண்டலால் 5,474 உருண்டை விதைகளையும் 1,850 சுருங்கிய விதைகளையும் செடி வளரும் வரை காத்திராமல் எண்ண முடிந்தது. செம்பனையின் ஓடு தாய்மரத்தின் திசு. தெனெரா மரத்தின் எல்லாப் பழங்களும், உள்ளே இருக்கும் கரு எந்த வகையானாலும், மெல்லிய ஓட்டையே காட்டும். கன்றின் சொந்த ஓடு எப்படிப்பட்டது என்பது அது நிலத்தில் நட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்துக் காய்க்கும்போதுதான் வெளிப்படும்.

ஓங்கு பண்பு தானாகவே தோட்டமெங்கும் பரவிவிடும் என்று அவ்வாசகர் எழுதியதும் சரியன்று. பழுக்கும் முன் பச்சையாக இருக்கும் விரெசென்ஸ் பழநிறம், கருமையான நைக்ரெசென்ஸ் நிறத்தின்மேல் ஓங்கு பண்புதான். ஆயினும் நம் தோட்டங்களில் காண்பவை பெரும்பாலும் கருநிறக் குலைகளே.

முறையான விதை உற்பத்தியில் டூராவின் பெண் பூக்குலையை உறையிட்டு மூடி, பிசிஃபெராவின் மகரந்தத்தை மட்டும் தூவுகின்றனர். அதில் பிறப்பவை அனைத்தும் தெனெரா. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்குவதற்கு இதுவே காரணமாகப் போதும். விலை கூடுதல்தான், எனினும் 25 ஆண்டுகள் நிற்கப்போகும் மரத்துக்கு அது பெரிய செலவன்று. ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் அந்த மரபணு 2013இல் கண்டறியப்பட்டதால், ஐயத்துக்குரிய நாற்றை இலைத் துணுக்கைக் கொண்டே இப்போது சோதிக்கவும் முடியும்.

மரத்தடிக் கன்றுகளை ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள், முதல் குலைகள் வந்ததும் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். மெல்லிய ஓட்டைச் சுற்றிச் சதைக்குள் கரிய நார்வளையம் தெரிந்தால் தெனெரா. வளையமின்றி ஓடு தடித்திருந்தால் டூரா. குலைகள் தொடர்ந்து அழுகும் மரங்களுக்கு அடையாளமிட்டு, பக்கத்து மரங்களின் மட்டைகள் நெருங்கி நிழல் விழுவதற்குள் அகற்றிவிட்டு மாற்றுக் கன்று வைப்பது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.