ஆண்டறிக்கை 2024–25: பிள்ளைகளை நம்பி அனுப்பும் பெற்றோர் முன்னிலையில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மன்றத்தின் கலை வகுப்புகள் நடந்த விதத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பறை, சிலம்பம், ஒயிலாட்டம், பரதநாட்டியம், நாடகம் ஆகிய ஐந்து வகுப்புகளும் சனி, ஞாயிறு மாலைகளில் நடந்தன. ஆண்டுத் தொடக்கத்தில் 94 பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது 101 பேர். மழைக்காலத்தில் மூன்று வாரம் வகுப்பு இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிப்ரவரி, மார்ச் விடுப்பு. பொங்கலன்று மும்பை தாராவி 90 அடி சாலையில் 26 பிள்ளைகள் பறை அடித்தார்கள். கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

மீதி அறிக்கை முழுக்க ஒரே விஷயம்தான். பிள்ளைகளின் பாதுகாப்பு. இத்தனை ஆண்டுகளில் அதைப் பற்றி நம் அறிக்கைகளில் ஒரு வரிகூட எழுதியதில்லை என்று பழைய கோப்புகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

ஜூலையில் ஒரு மழை இரவு. வகுப்பு எட்டரைக்கு முடிந்தது. ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிப்போக வந்தார், பையன் இல்லை. "யாரோட அனுப்புனீங்க?" என்று கேட்டார். அங்கிருந்த எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அரைமணி நேரம் சந்து சந்தாகத் தேடினோம். பக்கத்துக் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், இருப்பவர் மழையைப் பார்த்துத் தன் பிள்ளைகளோடு அவனையும் கூட்டிப்போய்ச் சோறு போட்டிருந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில் செய்தார். சரி, ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் கலைந்தோம். ஆனால் அந்த அம்மா படியிறங்கும்போது எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் மும்பைக்குப் பக்கத்திலுள்ள பத்லாபூரிலிருந்து செய்தி வந்தது. பள்ளிக்குள்ளேயே இரண்டு சின்னக் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை. 2024 ஆகஸ்ட் 20 அன்று மக்கள் தண்டவாளத்தில் இறங்கி ரயிலை மறித்தார்கள். புகார் கொடுக்கப்போன பெற்றோர் காவல் நிலையத்தில் பல மணி நேரம் காக்க வைக்கப்பட்டதும், பள்ளி தாமதம் செய்ததும் அதன்பின் வெளியே வந்தன. நம் உறுப்பினர்களில் பலர் அதே சென்ட்ரல் லைன் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். அன்று பாதி வழியில் இறங்கி நடந்து வந்தவர்கள்தான் அடுத்த ஞாயிறு என்னிடம் கேட்டார்கள்: நம்ம வகுப்புல என்ன ஏற்பாடு இருக்கு?

செப்டம்பரில் ஐந்து பேர் குழு அமைத்தோம். இரண்டு அம்மாக்கள், பறை ஆசிரியர், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார், நான். முதல் கூட்டத்தில் பெரியவர்களே பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாவது கூட்டத்துக்குப் பதினாறு, பதினேழு வயது மாணவர் நான்கு பேரைக் கூப்பிட்டோம். முதல் கூட்டத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாததை அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். மேடை நிகழ்ச்சிகளில் உடை மாற்றும் இடத்துக்குக் கதவு கிடையாது, சேலையைக் கட்டித் தொங்கவிடுகிறோம். மைக் ஒயர் இழுப்பவர், பந்தல்காரர், போட்டோ எடுப்பவர் எல்லாரும் அந்த வழியாகத்தான் போய்வருகிறார்கள். "நாங்க ஒருத்தரை ஒருத்தர் மறைச்சு நின்னுதான் மாத்துவோம் அண்ணா" என்றாள் ஒரு பெண். எத்தனை பொங்கல், எத்தனை ஆண்டு விழா! அந்தச் சேலையைக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

இந்த ஆண்டு பொங்கலுக்குப் பூட்டு உள்ள ஒரு அறையை வாடகைக்கு எடுத்தோம். வாசலில் இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். உள்ளே கைபேசி போகக்கூடாது என்பதில் யாருக்கும் விலக்கு இல்லை, உடை அணிவிக்க வந்த பெற்றோருக்கும் இல்லை.

அடுத்து கழிப்பறை. நம் வகுப்பு மாடியில் நடக்கிறது, கழிப்பறை பொதுக் கழிப்பறை, சந்தின் கடைசியில். ஏழு வயதுக் குழந்தை செங்குத்தான இரும்புப் படியில் தனியாக இறங்கி, இருட்டில் அவ்வளவு தூரம் போய் வந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு பிள்ளைகளாகச் சேர்த்து அனுப்புகிறோம், கூட ஒரு பெரியவர் போய்ச் சந்து முனையில் நிற்கிறார். படிக்கட்டுக்கும் சந்துக்கும் விளக்கு போட்டோம். இந்த ஆண்டு செய்த செலவிலேயே மிகச் சிறியது அந்த இரண்டு விளக்குகள்தான். பிள்ளைகள் அதிகம் பேசியதும் அவற்றைப் பற்றித்தான்.

தொட்டுச் சொல்லிக்கொடுப்பது பற்றித்தான் அதிகம் வாதம் நடந்தது. கலை வகுப்பு கணக்கு டியூஷன் மாதிரி இல்லை. பரதத்தில் முழங்காலை விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டி நிலை சரியாக வரவில்லை என்றால் டீச்சர் முழங்காலைப் பிடித்து விரிப்பார். பறையில் அடிக்குச்சி பிடிப்பது தவறினால் பின்னால் நின்று கையோடு கை வைத்துக் காட்டுவார்கள். சிலம்பத்தில் இடுப்பைப் பிடித்துத் திருப்புவார்கள். எல்லாம் காலகாலமாக நடப்பது. அதில் கை வைத்தால் கலையே வராது என்று நம் பரத டீச்சர் முதலில் மிகவும் வருத்தப்பட்டார். இத்தனை வருடம் பெற்ற பிள்ளை போலச் சொல்லிக்கொடுத்த தன்னைச் சந்தேகப்படுகிறார்களோ என்று அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. அவரிடம் இரண்டு மாலை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் வழி சொன்னவரும் அவரேதான். முதலில் தான் பக்கத்தில் நின்று செய்து காட்டுவது, அதற்கும் வராவிட்டால் "தொட்டுத் திருத்தட்டுமா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பது, பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. தட்டுக்கழி என்கிற கோல் தாளத்துக்கு மட்டும். மூன்று மாதம் கழித்து அவர் சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கேட்டுவிட்டுத் தொட்டால் பிள்ளைகள் உடம்பை விறைக்காமல் இருக்கிறார்கள், திருத்தம் சீக்கிரம் பிடிபடுகிறது என்றார்.

குருவைக் கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். காலைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குகிறோம். அந்த மரியாதை இருக்கட்டும். ஆனால் 2023-இல் சென்னையில் ஒரு பெரிய கலை நிறுவனத்தின் மாணவிகளே ஆசிரியர்கள் மீது புகார் சொல்லி வளாகத்தில் உட்கார்ந்து போராடியதை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். குருவின் மேல் உள்ள மரியாதையே பிள்ளையின் வாயைக் கட்டிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்தான் போக்சோ. அதன் 2020-ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்களைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. நாங்கள் அதை ஆசிரியர்களோடு நிறுத்தவில்லை. தலைவரும் நானும்தான் முதலில் விண்ணப்பம் கொடுத்தோம், அப்புறம் ஆசிரியர்கள், தொண்டர்கள். தரமாட்டேன் என்று சொன்ன ஒரு தொண்டர் விலகிக்கொண்டார். அவரைப் பற்றி யாரும் எதையும் ஊகித்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சான்றை மட்டுமே நம்பி இருந்துவிடவும் கூடாது. இதுவரை புகார் வராதவர் என்பதைத்தான் அது சொல்லும்.

வாட்ஸ்அப்பில் இனி ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதில்லை, பெற்றோர் இருக்கும் குழுவில்தான் அனுப்புகிறார். நிகழ்ச்சிப் படங்களைப் பெயரோ பள்ளியோ போடாமல், பெற்றோர் கையெழுத்திட்ட பிறகே வெளியிடுகிறோம். எந்த நேரமும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் இருக்கக்கூடாது.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக வகுப்பு வைத்தோம். ஒரு மனநல ஆலோசகர் வந்தார். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று சொல்லிக்கொடுப்பது போதாது என்றார் அவர். அன்பாகத் தொடங்கும் தொடுதல் குழந்தைக்குக் கெட்டதாகவே தோன்றாமல் போகலாம். "அம்மாகிட்ட சொல்லாதே, இது நமக்குள்ள ரகசியம்" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை வந்து சொல்லிவிட வேண்டும் என்பதைத்தான் பிள்ளைகள் மனதில் பதிய வைத்தார்.

பெற்றோர் கூட்டத்துக்குப் பையன்களின் வீட்டிலிருந்து மிகச் சிலரே வந்தார்கள். பையனுக்கு என்ன பயம் என்று என்னிடமே பலர் சொன்னார்கள். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். போக்சோ சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும், ஆண் பெண் பாராமல், குழந்தை என்றே சொல்கிறது. பறை, சிலம்ப வகுப்புகளில் முக்கால்வாசி பையன்கள்தான். அப்பாக்கள் தயவுசெய்து அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.

இப்போது சொல்லப்போவதை எழுத எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆலோசகர் நடத்திய அந்த வகுப்புகளுக்குப் பிறகு ஒரு பிள்ளை நம் தொண்டர் ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னது. நம் வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெரியவரைப் பற்றி. பிள்ளையின் வயது, எந்த வகுப்பு, ஆணா பெண்ணா, எந்த மாதம், எதுவும் இந்த அறிக்கையில் இருக்காது. யாரும் கேட்கவும் வேண்டாம். தொண்டர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை" என்று சொன்னார். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்தார். எனக்கு உடனே போன் செய்தார்.

தாமதம் என்னால்தான் வந்தது. முதலில் குடும்பத்துப் பெரியவர்களிடம் பேசலாமா, ஊர்க்காரர்களை உட்கார வைக்கலாமா என்று நானும் இன்னொரு செயற்குழு உறுப்பினரும் பேசிக்கொண்டே இருந்தோம். ஆறு மணி நேரம் போனது. ஊரிலிருந்து இங்கே வந்த நாளாய் எல்லாவற்றையும் பேசியே முடித்துப் பழகியவர்கள் நாம். வாடகைத் தகராறு, சீட்டுப் பணம், கல்யாணச் சண்டை எல்லாம் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. இது அந்த வரிசையில் சேராது. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவில் தண்டனை. தன் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. உண்மையா பொய்யா என்று விசாரிக்கும் வேலை நம்முடையது அல்ல. நாம் விசாரிக்கப் புகுந்தால் பிள்ளை பயந்து வாயை மூடிவிடும், சம்பந்தப்பட்டவருக்கும் எச்சரிக்கை போய்விடும்.

தலைமையாசிரியை அம்மாதான் எங்களைத் திட்டி 1098-ஐ அழைக்க வைத்தார். 1996-இல் இதே மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் அது. பிறகு காவல் நிலையத்துக்கும் போனோம். பெண் அதிகாரி சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து பிள்ளையிடம் பேசினார். சட்டம் சொல்வதும் அப்படித்தான். அந்தப் பிள்ளை இப்போதும் வகுப்புக்கு வருகிறது. அந்த ஆறு மணி நேரத்துக்காக இந்தப் பொதுக்குழுவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் தகவல் வந்தால் செயற்குழுவைக் கூட்டுவது கிடையாது. முதலில் கேட்டவரே நேராக 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லலாம், என் அனுமதி வேண்டியதில்லை. இதைத் தீர்மானமாகவே கொண்டுவந்திருக்கிறோம், நிறைவேற்றித் தாருங்கள்.

இதையெல்லாம் வெளியே பேசினால் மன்றத்தின் பேர் கெடும், பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். ஆறு பேர் நின்றது உண்மை. ஆனால் வழக்கமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் "போதும்" என்று வீட்டில் நிறுத்திவிடும் பெண் பிள்ளைகளில் பலர் இந்த ஆண்டு தொடர்கிறார்கள். யார் கூட்டிப்போகிறார்கள் என்று நோட்டில் எழுதுகிறீர்களே, அதனால்தான் விடுகிறேன் என்றார் ஒரு அப்பா.

அந்த நோட்டும் எப்போதும் உதவவில்லை. பொங்கலன்று 90 அடி சாலைக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் போல எந்தப் பிள்ளை யாரோடு போனது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள் என்பதை இரவு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்துதான் உறுதி செய்தோம். அடுத்த பொங்கலுக்கு ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, ஒப்படைக்க ஒரே இடம் குறிக்க வேண்டும்.

அதற்கும், வாரந்தோறும் சந்து முனையில் நிற்பதற்கும் இப்போது இருக்கும் ஆட்கள் போதாது. சனிக்கிழமை மாலை 5 மணி முதல் எட்டரை வரை நிற்க இன்னும் எட்டுப் பேர் தேவை, அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்புக்கான படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் ஆதார் நகலோடு பொருளாளரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்