அப்பாவின் பத்மினிக்கு நிறம் கொடுத்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு அப்பாவின் 1984 மாடல் பிரீமியர் பத்மினி கார் வேலந்தாவளம் வரை ஓடித் திரும்பியதைப் பார்த்தீர்கள். ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டுக்குக் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மாட்டுத் தொழுவத்தைக் காலி செய்து நாமே அடிப்போம் என்று இறங்கினேன். 17,400 ரூபாயில் முடிந்தது. அதில் யாருடைய கூலியும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

டிங்கர் அண்ணா, கதவடித் துருவின்மேல் பட்டி பூசப்போன என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "ஒரு மழைக்காலம் தாங்காது தம்பி" என்று அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுசு பற்றவைத்தீர்கள்.

கெமிஸ்ட்ரி டீச்சர் அக்கா, பளபளப்புக்கு ஆசைப்பட்டு நான் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் வாங்க இருந்தேன். அதை இறுக வைக்கும் ஹார்டனரில் மூச்சைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, குழாயில் வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்காதே என்று தடுத்தீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டே போதும் என்று ஆனது உங்களால்தான். ஆர்.சி.யில் இருக்கும் கருநீலமே அடித்தோம். வெயில் படாத டிக்கி உட்புறத்தைக் காட்டித்தான் நிறம் கலந்து வாங்கினோம்.

எமரி பேப்பரைக் கட்டையில் சுற்றி 120, 220, 400 என்று தேய்த்த பையன்களே, விரலால் தேய்த்தால் பள்ளம் விழும் என்று ஒருமுறைதான் சொன்னேன். தகட்டை இப்போது தடவிப் பாருங்கள்.

தை மாதப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் முதல் கோட் முழுக்கப் புழுதி ஒட்டியது. அத்தை பழைய சேலைகளைத் தொழுவத்தைச் சுற்றிக் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார். ஆனாலும் மறுபடி தேய்த்து, பட்டி பிடித்து, கடைசி கோட்டுக்கு வருவதற்குள் சித்திரை பிறந்து கோடைமழையும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அடித்த பானட், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் கொட்டியதுபோல் வெளுத்தது. அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார் பெயிண்டர் பெரியவர். புறங்கையால் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். "தின்னர் வேகமா ஆவியாகறப்ப தகடு குளுந்துரும். ஈரக்காத்துல இருக்கற தண்ணி பெயிண்டுல உக்காந்துரும். சுரண்ட வேண்டாம்" என்றார். மதியம் வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்து, தின்னரில், அது ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் கலந்து மெல்லிசாக ஒரு கை ஓட்டினார். அந்த ஈரத்தில் வெள்ளை கரைந்து, அடியிலிருந்து கருநீலம் எழுந்து வந்தது. அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவரே, பணம் நீட்டியபோது, வண்டி காய்ந்ததும் ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போனால் போதும் என்றீர்கள். பெயிண்ட் நன்றாக இறுகிவிட்டது; 2000 பேப்பர் போட்டு, ரப்பிங் காம்பவுண்டும் முடிந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவும் நானும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். முன்சீட் உங்களுக்கு.