ஜானகியை யாரும் கேட்கவில்லை

பாப்பாவின் அப்பாவுக்கு,

டெல்லி கணேஷ் காலமான செய்தி 2024 நவம்பர் 10 காலையில் வந்தது. கமல் மாமி வேஷம் போட்ட அவ்வை சண்முகி படம் வெளியானது 1996 நவம்பர் 10, அந்த வருடத் தீபாவளி அன்று. சரியாக 28 வருடம். அதில் அவர் நடித்த சேதுராம ஐயர் போய்விட்டார் என்றதும் ஜெமினி கணேசன், நாகேஷ், மணிவண்ணன், வசனம் எழுதிய கிரேசி மோகன் என்று வரிசையாக எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். யாருமே இப்போது இல்லை. அன்று ராத்திரி படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டுத்தான் படுத்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நமக்குள் நடந்தது எதையும் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. உங்கள் அக்கா வீட்டில் இதைப் படிப்பார்கள், என் தம்பியும் படிப்பான். கல்யாண நேரத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டாம்.

அந்தப் படத்துக்கு நாம் தியேட்டருக்குப் போன நாளை மட்டும் எழுதிவிடுகிறேன். படத்தில் வரும் குழந்தை பாரதியின் பாவாடையில் பட்டாசுத் தீ பற்றுகிற காட்சி வந்ததும் பாப்பா பயந்து வீரிட்டாள். முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "நீ பாரு, நான் தூக்கிட்டுப் போறேன்" என்று எழுந்து போனீர்கள். அதற்கப்புறம் உள்ளே வரவே இல்லை. நான் அசடு மாதிரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மடிசார் கட்டிய மாமி பின்னால் ஜெமினி கணேசன் அலைகிறார், இன்னொரு பக்கம் மணிவண்ணன் அலைகிறார், பக்கத்தில் இருந்த பாட்டி கண்ணீர் வரச் சிரிக்கிறார். படம் முடிந்து வெளியே வந்தால், போஸ்டருக்குக் கீழே சுவரில் சாய்ந்தபடி நீங்கள் நின்றிருந்தீர்கள். உங்கள் தோளில் பாப்பா, உங்கள் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். கை மரத்துப்போச்சு என்றீர்கள். ஆனால் அவளை என்னிடம் தரவில்லை.

பஸ்ஸில் மீதிக் கதையைக் கேட்டீர்கள். நானும் ஒவ்வொருத்தர் மாதிரியும் பேசிக் காட்டினேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே பக்கத்தில் வந்து நின்று கேட்டார். கடைசியில், "பாண்டியனும் அவன் பெண்டாட்டி ஜானகியும் சேர்ந்துட்டாங்க" என்று முடித்தேன். "அது சரி, ஜானகி என்ன சொன்னா?" என்றீர்கள். "அதான் சேர்ந்துட்டாங்களே" என்றேன். "அவ என்ன சொன்னான்னு கேட்டேன்" என்றீர்கள். என்னிடம் பதில் இல்லை. அவ்வளவு நேரம் படம் பார்த்தவள் நான். ஜானகியைப் பற்றி யோசித்தது, பாதிப் படம் பார்த்த நீங்கள்.

அப்படிக் கேட்ட ஆள்தான் பிறகு என்னிடம் ஒருநாள்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இன்றைக்கும் அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த முறை ஜானகியை மட்டுமே பார்த்தேன். கிரேசி மோகனுக்கு ஜானகி என்று ஒரு பள்ளி ஆசிரியை. மோகனை மேடையேற்றியது அந்த ஆசிரியைதான். அந்த நன்றிக்காகவே தன் கதாநாயகிகளுக்கு ஜானகி என்று பெயர் வைத்தார். அவ்வளவு மரியாதையான பெயர், ஆனால் படத்தில் அவளுக்குப் பேசக் கிடைத்தது கொஞ்சம்தான். பணக்காரி, கோபக்காரி, விவாகரத்துக் கேட்டவள். பாண்டியன் சினிமாவில் உதவி டான்ஸ் மாஸ்டர். அவன் கஷ்டம் எல்லோருக்கும் தெரிகிறது, அவளுடைய கஷ்டம் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் சமைத்துப்போட்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, பொறுமையாகப் பேசுகிற மாமி தன் புருஷன்தான் என்று தெரியாமலே அவள் அந்த மாமியிடம் இளகுகிறாள். இந்தப் பொறுமை புடவை கட்டுவதற்கு முன்னால் எங்கே போயிருந்தது என்று கேட்க எனக்கு ஆசை. மீனாவின் முகத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. படத்தில் அது இல்லை.

வேஷத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேடையில் அவ்வையாராக நடித்துப் பெயரோடு அவ்வையைச் சேர்த்துக்கொண்ட டி.கே. சண்முகத்தின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து கற்றவர் கமல். ஆண் பெண்ணாக நடிக்கும்போது எவ்வளவு மரியாதை வேண்டும் என்று அங்கே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் சண்முகி மாமியைப் பார்த்துச் சிரித்தாலும் அவரைக் கேவலமாக நினைக்கத் தோன்றவில்லை. தேவாவின் பாட்டு வரும்போது இப்போதும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ ஆகிறது. காதலா காதலா முடிகிற வரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை.

ஆனால் குழந்தையைப் பார்க்கக் கோர்ட் கொடுத்த வாரம் ஒருநாள் பாண்டியனுக்குப் போதவில்லை. உங்களுக்கும் வாரம் ஒருநாள் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச காலம் வந்தீர்கள். அப்புறம் வரவில்லை. பாப்பா வாசலில் செருப்போடு உட்கார்ந்திருந்ததை எழுதினால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். அதனால் அதை எழுதவில்லை.

நான் முகவரி சொல்லாமல் வீடு மாறினேன். அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு என்று எழுதும்போதே, நீங்கள் வருவதை நிறுத்திய பிறகுதானே மாறினேன் என்றும் சொல்லத் தோன்றுகிறது. தேடினேன் என்று நீங்கள் சொன்னதாக உங்கள் அக்கா சொன்னார். நம்புகிறேன். ஆனால் என் தம்பி கடை அதே இடத்தில்தான் இருந்தது.

சரி, இப்போது அந்த விஷயம். இந்த வலைப்பக்கத்தில் நான் எழுத ஆரம்பித்த புதிதிலிருந்து ஒரு அம்மா வந்து கருத்து எழுதுவார். பெண் பெயர், ரொம்ப அன்பான பேச்சு, பிள்ளை வளர்ப்பு பற்றித்தான் அதிகம் கேட்பார். ஒருநாள், "பாப்பா இன்னும் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாளா?" என்று கேட்டிருந்தார். அதை நான் எங்கேயும் எழுதியதே இல்லை.

முதலில் வந்தது கோபம். என் வீட்டுக்குள் என்னைக் கேட்காமல் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். என்னை நம்ப வைத்து, நான் அம்மா காலமானபோது எழுதியதற்கெல்லாம் ஆறுதல் சொல்லியிருக்கிறார். அந்த ஆறுதலை ஒரு பெண் சொல்கிறார் என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன். இந்தப் பக்கத்தையே மூடிவிடலாம் என்று இருந்தேன். மூடவில்லை. "ஆமாம் அம்மா, இப்போது தன் காதையே பிடித்துக்கொள்கிறாள்" என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம் அவள் பரீட்சை, காய்ச்சல், முதல் வேலை, எல்லாவற்றையும் இங்கே எழுதினேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

பாப்பாவுக்கும் தெரியும். அவள் எப்போது கண்டுபிடித்தாள் என்று நான் கேட்கவில்லை.

இனி முடிவுக்கு வருகிறேன். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அவளே பார்த்தது, நல்ல பையன். தாரை வார்க்க என் தம்பியும் அவன் மனைவியும் உட்காருவதாகப் பேச்சு இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் நானும் உட்காருகிறோம். இதற்கு வேறு எந்த அர்த்தமும் கிடையாது, சொந்தக்காரர்கள் வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மேடையில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன் என்றும் சொல்ல முடியாது. இதைக் கேட்டது பாப்பா. சரி என்று சொன்னது நான், யாரும் வற்புறுத்தவில்லை.

பத்திரிகை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும், இனிஷியல் ஒன்றா இரண்டா, தாத்தா பெயரையும் சேர்க்க வேண்டுமா என்று எழுதுங்கள். இங்கேயே எழுதினாலும் பரவாயில்லை. உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா